படத்தின் பின்புறத்தை வாசிப்பவர் யார்?

அருங்காட்சியகம் ஒன்றின் ஒளிப்படத் தொகுப்பில் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையின. கலை வரலாறு படித்திருக்கிறாரா, கண்காட்சி அமைத்த அனுபவம் உண்டா, ஆங்கிலத்தில் கருத்துரை எழுதிக் காட்ட முடியுமா என்பனவே அவை. எந்த மொழியில் பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரியும் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது; எழுந்தாலும் 'இருந்தால் நல்லது' என்ற வரிசையில் கடைசியில் நிற்கிறது. தென்னிந்திய ஒளிப்படங்களைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது.

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'மேப்' எனும் கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம், ஒளிப்படத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது. மைசூரில் பிறந்த டி. எஸ். சத்யன், குஜராத்தின் ஜோதி பட் போன்றோரின் படங்கள் அங்கே உள்ளன. இத்தகைய நிறுவனங்கள் வந்தபின் ஒளிப்பட ஆய்வு என்பது டெல்லிக்கோ லண்டனுக்கோ போய்ச் செய்யவேண்டிய வேலையாக இருந்த நிலை மாறியிருக்கிறது. அது பெரிய நன்மை. ஆனால் நல்கை என்னும் வடிவம் வேறோரிடத்தில் பிறந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940-இல் ஒளிப்படத்துக்கெனத் தனித்துறை கண்டது. அத்துறையின் முதல் காப்பாட்சியர் பொமன்ட் நியூஹால், அவர் மனைவி நான்சி இருவர் பெயரிலும் அங்கே காப்பாட்சி நல்கை வழங்கப்படுகிறது. கலைஞர் ஒருவர் அச்சிட்டுக் கையொப்பமிட்ட படங்களை மையமாகக் கொண்ட தொகுப்பு அது. படத்தின் பின்புறத்தில் இருப்பதும் ஆய்வாளர் எழுதுவதும் பெரும்பாலும் ஒரே மொழி. எனவே வாசிப்பு அங்கே ஒரு சிக்கலாகத் தோன்ற வேண்டிய தேவை எழவில்லை. அந்த வடிவத்தை அப்படியே இறக்கிக்கொண்டால், இங்கே முதன்மையான வேலை எதுவோ அதற்கே இடமில்லாமல் போகிறது.

இந்தச் சிக்கல் ஒளிப்படம் இந்நிலத்துக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. சென்னை மாகாண அரசு 1856-இல் லினேயஸ் டிரைப் என்ற படைத்துறை அதிகாரியைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் அவர் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அப்போதைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சென்றார். (ராயக்கோட்டை, சந்தாபுராவிலிருந்து ஓசூர் வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். இன்று அந்தச் சாலையில் போகிறவர்களுள் எத்தனை பேர் அதை ஒளிப்பட வரலாற்றோடு சேர்த்து நினைப்பார்கள் என்பது வேறு பேச்சு.) 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக அதை ஆக்கினார். ஒளிப்பட வரலாற்று நூல்கள் இச்சுருளை அகலக்காட்சி உத்தியின் முன்னோடி முயற்சியாகப் போற்றுகின்றன. போற்றுதல் தகும்.

ஆனால் அச்சுருள் ஓர் உரை. ராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும் தமிழ் உரை. அதன் முறையான பதிப்பு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதியை ஹுல்ட்ஷ் 1891-இல் வெளியிட்டபோதுதான் தொடங்கிற்று. படத்துக்கும் பதிப்புக்கும் இடையே 33 ஆண்டுகள். இன்றும் கலை வரலாற்றார் சுருளைப் பார்க்கிறார்கள், கல்வெட்டியலார் பதிப்பை வாசிக்கிறார்கள். இரண்டையும் ஒருவரே ஒருங்கே வைத்து நோக்குவது அரிது.

டிரைப்பின் தலைப்புகளிலும் மொழியாய்வுக்குரிய செய்தி உண்டு. விமானத்தை அவர் 'பிமானம்' என்று எழுதியிருக்கிறார். அவர் காதில் விழுந்த ஒலி அது. யார் வாயிலிருந்து விழுந்தது என்பது ஆராயத்தக்கது. தஞ்சைத் தொகுதியின் தலைப்பில் 'டிரிவாடி' என்றோர் ஊர் வருகிறது. அது காவிரிக்கரைத் திருவையாறு. ஆனால் கருநாடகப் போர்களைப் பற்றிய ஆங்கில நூல்களில் 'டிரிவாடி' என்று வருவது பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவதிகை. ஒரே எழுத்துக்கோவை, நூறு கிலோமீட்டருக்கும் மேல் விலகிய இரண்டு ஊர்கள். இரண்டிலும் புகழ்பெற்ற சிவன் கோயில் இருப்பது குழப்பத்தை இன்னும் வசதியாக்குகிறது. அட்டவணைப் பெட்டியில் 'இடம்' என்ற கட்டத்தை நிரப்புகிறவருக்கு இவ்வேறுபாடு தெரியாவிட்டால் கோயில் ஊர் மாறிவிடும். தேடுபொறி அதை என்றென்றைக்கும் தவறான ஊரிலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

அரசு ஒளிப்படக்காரரை விட்டு ஊர் ஸ்டுடியோக்களுக்கு வந்தால், படத்தின் பின்புறமும் அட்டையின் ஓரமும் ஸ்டுடியோ முத்திரையும் முன்புறத்துக்கு நிகரான ஆவணங்கள் ஆகின்றன. ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம். குடும்பப் படம் ஒன்றின் பின்னால் 'பிரபவ ௵ ஆவணி ௴' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ௵ வருடத்துக்கும் ௴ மாதத்துக்கும் உரிய பழைய சுருக்கக்குறிகள் என்பது தெரிந்தவருக்கே அது தேதி என்று புரியும். புரிந்தாலும் போதாது. பிரபவ ஆண்டு அறுபதாண்டுக்கு ஒருமுறை வருவது: 1867, 1927, 1987. இங்கேதான் ஒளிப்படத் தொழில்நுட்ப அறிவு கைகொடுக்க வேண்டும். முட்டை வெண்கரு பூசிய தாள் என்றால் 1867. வெள்ளி ஜெலட்டின் தாள் என்றால் பெரும்பாலும் 1927. வண்ண அச்சு என்றால் ஐயமே இல்லை. மொழி அறிந்தவர் மூன்று விடைகளைத் தருகிறார், தாளை அறிந்தவர் அவற்றுள் ஒன்றைத் தேர்கிறார். இருவரும் ஒரே மேசையில் இல்லாதபோது அட்டவணையில் 'காலம்: இருபதாம் நூற்றாண்டு' என்று விழுகிறது. அந்தச் சொற்றொடரால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை.

எழுத்து வடிவமும் காலம் சொல்லும். தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது; 'லை', 'னை' முதலியவற்றின் துதிக்கை வடிவம் பாடநூல்களிலிருந்து மறைந்தது. ஆயினும் பெரியார் 1935-இலேயே குடிஅரசு இதழில் புதிய வடிவங்களைப் புகுத்திவிட்டார். எனவே 1950-களின் ஸ்டுடியோ முத்திரையொன்றில் சீர்திருத்த எழுத்து இருந்தால், அது காலத்தைக் காட்டிலும் அந்த உரிமையாளரின் அரசியல் சார்பைப் பற்றிய தடயமாக இருக்கலாம். மறுபுறம், கையெழுத்தில் பழைய வடிவம் 1978-க்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது; ஐம்பது வயதில் எவரும் அரசாணைக்காகக் கையை மாற்றிக்கொள்வதில்லை. பெயருக்கு முன் 'ஸ்ரீமான்' இருக்கிறதா 'திரு' இருக்கிறதா என்பதும் இவ்வாறே. இவற்றையெல்லாம் இயந்திர விதியாக்க முடியாது. எடைபோட்டுப் பார்க்கும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைக் கல்வெட்டியலும் சுவடியியலும் மொழியியலும் தருகின்றன. கலை மேலாண்மைப் பட்டயப்படிப்புகள் தருவதாகத் தெரியவில்லை.

சாவு வீட்டுப் படங்களில் இது இன்னும் கூர்மையாகும். உடலை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, உறவினர் சூழ நின்று படமெடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய முறை. இறப்பைக் குறிக்கும் தொடர் ஒவ்வொரு சமயத்தாருக்கும் ஒவ்வொன்று. 'சிவபதவி அடைந்தார்' என்றால் சைவர். 'ஆசாரியன் திருவடி அடைந்தார்' என்றால் வைணவர். 'மவுத்தானார்' என்றால் முஸ்லிம். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றால் கிறித்தவர். 'இயற்கை எய்தினார்' என்றால் பெரும்பாலும் திராவிட இயக்கத்தின் காற்றுப் பட்ட வீடு. ஒரே வினைச்சொல் வீட்டின் சமயத்தைச் சொல்லிவிடுகிறது. 'நித்திரையடைந்தார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் உறங்கும் முதியவரின் படம் ஒன்று அட்டவணையில் பிறந்துவிடும். படத்தை மட்டும் பார்த்தாலும் அதே பிழைக்கு வாய்ப்புண்டு: கண் மூடியிருக்கிறது, முகம் அமைதியாயிருக்கிறது.

உறவுப்பெயர்களுக்கு நேர்வது சத்தமில்லாத இழப்பு. திருமணப் படத்தின் பின்னால் மணமகள் கையால் 'இடப்பக்கம் அத்தை' என்று எழுதப்பட்டிருக்கலாம். தந்தையின் உடன்பிறந்தவள், தாய்மாமன் மனைவி, கணவனின் தாய் ஆகிய மூவரும் அத்தைதான். ஒரே பெண்ணே மூன்றில் இரண்டாக இருப்பதும் உண்டு. தாமஸ் டிரவுட்மன் 1981-இல் எழுதிய திராவிட உறவுமுறை பற்றிய நூல் முழுதும் இந்த அமைப்பின் விளக்கமே. ஆங்கிலத்தின் 'ஆன்ட்' அதைத் தட்டையாக்கிவிடும். 'மதர் இன் லா' என்று எழுதினால் மற்ற இரண்டு உறவும் மறையும். இந்தியிலும் இப்பொருத்தம் கிடைக்காது. கன்னடத்தில் கிடைக்கும்; அங்கே 'அத்தெ' இதே வேலையைச் செய்கிறது. ஆகவே இதில் தமிழ்ப் பெருமை பேச ஒன்றுமில்லை. பெங்களூரில் உள்ள தொகுப்புக்குக் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகியவை அறிந்தவர்கள் வேண்டும் என்பதே இதன் பொருள்.

'படம் மொழி கடந்தது, அதைப் பார்க்கப் பழக்குவதுதான் காப்பாட்சியரின் வேலை' என்று மறுமொழி வரும். இந்திய ஒளிப்பட வரலாறு இதற்குச் சான்று தரவில்லை. சொல்தான் முன்னே நின்றது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' நூலில் 468 படங்கள். அவற்றில் பெரும்பாலான முகங்களுக்குச் சாதிப்பெயரோ இனப்பெயரோ உண்டு, ஆட்பெயர் இல்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் அமர்ந்தவர்களை வில்லபி ஹூப்பர் படமெடுத்தார். இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்ற பொருளில் அவற்றுள் ஒன்றுக்குத் தலைப்பு வந்தது. தகுதியை அளந்தவரின் சொல் படத்தோடு ஒட்டிக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டு பயணம் செய்திருக்கிறது. அளக்கப்பட்டவரின் பெயர் ஓரடி கூட வரவில்லை. அத்தலைப்பைத் தொடாமல் படத்தை மட்டும் பார்க்கலாம் என்பது பார்வையாளரின் நல்லெண்ணம். அருங்காட்சியகத்தின் கணினி அந்தத் தலைப்பால்தான் படத்தைத் தேடுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. பின்புறத்தை வாசித்துப் பெயரையும் உறவையும் வெளியிட்டால், சாதிப்பட்டமும் சேர்ந்து வெளிவரும். கொள்ளுப்பேத்திக்கு அது விருப்பமில்லாதிருக்கலாம். இது மெய். விடை, வாசிப்பதையும் வெளியிடுவதையும் பிரித்து வைப்பதில் இருக்கிறது. முழுமையாக வாசித்துப் பதிந்து, எதைப் பொதுவில் காட்டுவது என்பதைக் குடும்பத்தோடும் அறநெறிக் குழுவோடும் பேசி முடிவு செய்யலாம். வாசிக்காமலே விட்டுவிடுவது மரியாதை ஆகாது. பெரும்பாலும் அது ஆளில்லாததன் விளைவுதான்.

கையெழுத்தை இயந்திரம் வாசித்துவிடும், அதுவரை காத்திருக்கலாம் என்போரும் உளர். அச்செழுத்தில் இயந்திரம் தேறிவிட்டது. மங்கிய பென்சிலில், கூட்டெழுத்தும் கிரந்தமும் கலந்து, ஒரு பகுதி பசையில் மறைந்த வரியை அது எப்போது தேறும் என்பதைக் காலம் சொல்லட்டும். அதற்குள் அந்த முகங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கமாட்டார்கள். கனடா தேசிய நூலக ஆவணக்காப்பகம் 2002-இல் தொடங்கிய பெயரிடும் திட்டம் இதை உணர்ந்தே அமைந்தது. 'எஸ்கிமோ' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடந்த படங்களை நுனாவுட் இளைஞர்கள் தம் ஊர் முதியோரிடம் எடுத்துச் சென்றார்கள். மொழி தெரிந்த இளைஞரும் நினைவுள்ள முதியவரும் ஒரு திரையின் முன் அமர்ந்தபோது பெயர்கள் வரத் தொடங்கின. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்ட உதவியோடு மின்னுரு தந்திருக்கிறது. பழைய நெகட்டிவ்கள் வெள்ளிக்காக விலைபோய்க்கொண்டிருந்த நாட்டில் அது காலத்தால் செய்த உதவி. மின்னுரு கிடைத்துவிட்டால் பெயரும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுவதுதான் அடுத்த ஆபத்து.

கல்வெட்டியலிடமிருந்து அருங்காட்சியகங்கள் கடன் வாங்க வேண்டிய ஒன்றுண்டு. அங்கே ஒரு சாசனத்தை வாசித்தளிப்பதே வெளியீடு. 1887 முதல் வந்த ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு சாசனத்துக்கும் ஆண்டும் எண்ணும் உண்டு. பதிப்பில் வரி பிரிப்பு தெரியும். சிதைந்த எழுத்துக்கும் ஐயமான எழுத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. பதிப்பித்தவர் பெயர் மேலே நிற்கும். ஹுல்ட்ஷிடம் உதவியாளராகத் தொடங்கிய வெங்கய்யா அறிஞராக அறியப்பட்டது அந்த வாசிப்புகளாலேயே. பின்வந்தவர் மறுவாசிப்புத் தந்தால் முன்னவர் வாசிப்பு அழியாது, பக்கத்தில் நிற்கும். ஒளிப்படத் தொகுப்பில் நல்கையாளர் ஓராண்டு உட்கார்ந்து நானூறு பின்புறங்களை வாசித்தால் அது எங்கே போகிறது? 'மெட்டாடேட்டா' என்ற பெயரில் கணினிக்குள் பெயரின்றிக் கலந்துவிடுகிறது. அவர் தன்விவரத்தில் காட்ட எஞ்சுவது ஒரு கண்காட்சிக் கட்டுரையும் ஓர் உரையரங்கமும். புத்தியுள்ள இளைஞர் எதில் நேரம் செலவிடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த இளைஞர் எங்கே வாழ்கிறார் என்பதற்கும் இதில் பங்குண்டு. சந்தாபுரா ஓசூர்ச் சாலையில் ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது. ஒருபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, மறுபுறம் அத்திப்பள்ளி எல்லை. நகரத்துக்குள் வாடகை கொடுக்க இயலாத ஆய்வு மாணவர்கள் இப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் கடையில் தெலுங்கும் பேசி வளர்கிறார்கள். மேலே சொன்ன நாற்காலிப் படத்தையும் அத்தையையும் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவர்களுக்கில்லை. கஸ்தூர்பா சாலை இங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்தபின் பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. சாலையில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறி, கப்பன் பூங்காவில் இறங்கலாம். தொலைவு குறைந்துவிட்டது. விண்ணப்பப் படிவத்தின் தொலைவு குறையவில்லை. 'காப்பாட்சி நோக்கு', 'தலையீடு' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் சரளமாகக் கையாளுவோருக்கே அது திறக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அருங்காட்சியக நல்கை அதைவிடக் குறைந்தோ சில மாதங்களுக்கு மட்டுமோ இருந்தால், வீட்டில் பண வசதி உள்ளவரே அதை ஏற்க முடியும். அவர் நான்கு மொழிகள் புழங்கும் தெருவில் வளர்ந்தவராக இருக்கும் வாய்ப்பு குறைவு.

தாய்மொழியாளராக இருந்தாலே போதும் என்பதும் சரியன்று. தமிழில் முதுகலை முடித்தவரும் ௵ என்ற குறியைக் கண்டு விழிப்பதுண்டு. பயிற்சி தேவை, நல்கையின் முதல் இரண்டு மாதங்களைத் தாள் வகைகளுக்கும் கையெழுத்து வாசிப்புக்கும் ஒதுக்கினால் அது கிடைத்துவிடும். வாசிப்புகளை வாசித்தவர் பெயரோடும் நாளோடும் மூலமொழியில், மொழிபெயர்ப்புக்கு மேலே, நிலையான எண்ணோடு வெளியிடுவதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கூட்டினால் போதும். பல்கலைக்கழகங்களும் அவ்வெண்ணை ஆய்வு வெளியீடாக ஏற்க வேண்டும். அதற்கு அருங்காட்சியகத்தைக் காட்டிலும் துறைத்தலைவர்களின் மனம்தான் அசைய வேண்டியிருக்கும்.

தேர்வுக் குழுவினர் செய்யக்கூடிய எளியதொன்று உண்டு. நேர்முகத்தில் கருத்துரையைப் பற்றிப் பேசி முடித்தபின், தொகுப்பிலிருந்து ஒரு படத்தைப் பின்புறம் மேலாகக் கவிழ்த்து விண்ணப்பதாரர் முன் வைக்கலாம். மொழியை அவரே தேர்ந்துகொள்ளட்டும். ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் கொடுத்தால் போதும். அவர் எழுதித் தரும் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, வாசிக்க முடியாத எழுத்துகளுக்கு நேரே என்ன குறியிட்டிருக்கிறார் என்பது.